ஒரு ஓட்டின் விலை



ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வென்ட்வொர்த் என்றொரு தொகுதி. பணக்காரர்கள் வாழும் கடற்கரைப் பகுதி. அன்று ஆண்ட லிபரல் கட்சியின் அசையாத கோட்டை. 2018 அக்டோபர் இடைத்தேர்தலில் அந்தக் கோட்டை சரிந்தது. சரித்தவர் சுயேச்சையாக நின்ற ஒரு பெண் டாக்டர், கெரின் ஃபெல்ப்ஸ். அந்நாட்டு மருத்துவர் சங்கத்துக்குத் தலைவராக இருந்த முதல் பெண்மணி. ஒரு பெண்ணையே வாழ்க்கைத் துணையாகக் கொண்டவர். அதை மறைத்து அவர் ஓட்டுக் கேட்கவில்லை.

வென்று என்ன செய்தார்? படகேறிப் புகலிடம் தேடி வந்தவர்களை அந்த அரசு நவுரு, மானுஸ் தீவுகளில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்திருந்தது. அவர்களில் ஈழத்தமிழரும் உண்டு. நோயுற்றவர்களை, இரண்டு டாக்டர்கள் பரிந்துரைத்தால், ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுவந்து சிகிச்சை தரும் சட்டத்துக்காகப் போராடினார். 2019 பிப்ரவரியில் கீழ்ச்சபையில் 75க்கு 74, ஒரே ஓட்டில் அது நிறைவேறியது! மே மாதத் தேர்தலில் டாக்டர் தோற்றார். டிசம்பரில் சட்டமும் ரத்தாயிற்று. ஆனால் அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகள் கரை சேர்ந்துவிட்டனர்.

“இதில் நமக்கென்ன?” என்பீர்களா? 1991 டிசம்பரை மறந்தீர்களா? காவிரியின் பெயரால் இந்த பெங்களூரில் தமிழர் குடிசைகள் எரிந்தபோது, நாம் செய்த குற்றம் என்ன? வெளியிலிருந்து வந்தவர்கள் என்பது ஒன்றுதானே!

அப்படிப்பட்ட நாம் என்ன செய்கிறோம்? சென்ற மாதம் ஒரு திருநங்கை ரேஷன் கார்டு மனு எழுத நம் சங்கத்துக்கு வந்தார். தமிழ்ப் பிள்ளை, பெற்றவர்களே விரட்டிவிட்டார்கள். அவர் உட்கார்ந்ததும் பெஞ்சில் இருந்த நம்மவர் சிலர் எழுந்து போனார்கள். மனுவை எழுதிக் கொடுத்தோம். வெட்கம் மட்டும் போகவில்லை.

திருநங்கையரின் உரிமையை உச்சநீதிமன்றம் 2014இல் ஏற்றது. ஒருபால் உறவு குற்றமல்ல என்று 2018இல் தீர்ப்பளித்தது. 2021இல் கர்நாடக அரசு வேலைகளில் திருநங்கையருக்கு 1 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நாம் இன்னும் பெஞ்சை விட்டு எழுந்து போகிறோம்!

தோழர்களே, ஓட்டுக் கேட்டு நம் சந்துக்கு வருபவரிடம் குழாயும் சாக்கடையும் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: வெளியூர்க்காரனுக்கும் திருநங்கைக்கும் ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில் ஒரே மரியாதை வாங்கித் தருவாயா?

அதற்கு முன், விரட்டிய பிள்ளைகளுக்கு நம் வீட்டுக் கதவைத் திறப்போம்!