பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப்பா? கதை விடாதீங்க!

காலாவதியான ஃபிலிம் வாங்கப் போனால் எல்லோரும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதுகிறார்கள். "பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடக் கொடு தம்பி, பிரமாதமா வரும்." நானும் நம்பினேன். 2004-இல் காலாவதியான 400 ஐஎஸ்ஓ கலர் நெகட்டிவ். கணக்குப்படி இரண்டு ஸ்டாப், அதாவது 100 என்று வைத்து, பாட்டியின் எண்பதாவது பிறந்தநாளில் முழு ரோலையும் எடுத்துத் தீர்த்தேன். வந்தது 36 சாம்பல் படங்கள். பாட்டி எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியவில்லை.

பிகாம் படிக்கிறவனுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இது அப்பட்டமான நேர்கோட்டுத் தேய்மானம்! மேசை, நாற்காலிக்குச் சரி. ஃபிலிமை அதிகம் கெடுப்பது வருஷம் இல்லை சார், சூடு. பிரிக்காத ஃபிலிமை 21 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்லி கோடாக்கே எழுதியிருக்கிறது. மதுரை வெயிலில் கண்ணாடி அலமாரியில் வெந்த ரோலும், இருபது வருஷம் ஃப்ரீசரில் தூங்கிய ரோலும் ஒன்றா? (ஃப்ரீசரிலும் காஸ்மிக் கதிர் விடாது. 800, 1600 எல்லாம் அதில் சீக்கிரம் மூட்டம் போடும். 50, 100 கறுப்பு வெள்ளைதான் கெட்டி ஆசாமி.)

கூடுதல் வெளிச்சம் எதற்கு? அந்த மூட்டத்துக்கு மேலே படத்தைத் தூக்கிக் காட்ட. டெவலப்பரில் அதிக நேரம் போட்டால் படத்தோடு மூட்டமும்தான் ஏறும். ஸ்லைடு ஃபிலிமில் இதே மந்திரத்தை ஓதினால் வெளுத்தே போய்விடும்.

இதைவிடக் கொடுமை, "அரிய சரக்கு" என்று கோடாக்ரோமைத் தலையில் கட்டுவது. அதைக் கலரில் கழுவிய கடைசி லேப், அமெரிக்காவில் கான்சஸில் இருக்கும் டுவெய்ன்ஸ் ஃபோட்டோ, 2010 டிசம்பர் 30-க்குப் பிறகு ரோல் வாங்கவில்லை. இனி கறுப்பு வெள்ளையாகக் கழுவினால்தான் உண்டு.

உருப்படியாக வரவேண்டுமா? ஒரே இடத்தில் கிடந்த ஒரே வகை ரோல் இரண்டாவது வாங்குங்கள். ஒன்றைப் பலி கொடுங்கள். ஒரே காட்சியை 400, 200, 100, 50, 25 என்று மாற்றி மாற்றி எடுத்து, வழக்கமான நேரத்துக்கே சி-41 கழுவக் கொடுங்கள். எதில் நிழலுக்குள் விவரம் தெரிகிறதோ, அடுத்த ரோலுக்கு அதுதான் வேகம். எதிலுமே தெரியவில்லையா? இரண்டாவது ரோலை ஷோகேஸில் வையுங்கள்.

"கலர் மாறி வர்றதுதானேப்பா அழகு" என்கிற ரசிகர்களே, தாராளமாக மரத்தையும் மேகத்தையும் எடுங்கள். ஆனால் விற்கிறவர்கள், ஃப்ரீசரா அலமாரியா என்று ஒரு வரி சொன்னால் குறைந்தா போய்விடுவார்கள்?

பாட்டியின் எண்பத்தொன்றுக்குப் புது ரோல் வாங்கியிருக்கிறேன். விலையை மட்டும் கேட்காதீர்கள்.