அடைத்து வைத்த பூனை

ஐப்பசி பிறந்துவிட்டால் பூனை வளர்க்கும் நம் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழுகின்றது. தீபாவளியன்று பூனையை வெளியே விடுவதா, உள்ளேயே வைப்பதா? நாம் பட்டாசு வெடிக்காவிட்டாலும் தெரு முழுவதும் அதன் ஓசை நிறைந்திருக்கும். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே உணரும். பூனையின் செவியோ 60,000-ஐயும் கடந்து உணரும். மிரண்டோடும் பூனை வழி தவறுகின்றது. சில வேளை வண்டிச் சக்கரத்தில் சிக்குகின்றது. ஆகவே உள்ளே வைப்பதே சரி என்பது என் கருத்து.

பூனையை அடைத்து வைத்தமைக்காக ஒரு பெண் தண்டிக்கப்பட்டதாக ஹதீஸில் வந்துள்ளதே, அவ்வாறிருக்க நாம் அடைக்கலாமா என்று வினவுவோரும் உள்ளனர். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ள அச்செய்தியை முழுமையாக வாசிக்க வேண்டும். அவள் அதற்கு உணவும் அளிக்கவில்லை. பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தானே தேடித் தின்னவும் அதனை விடவில்லை. உணவும் நீரும் வைத்துப் பாதுகாப்பதற்கும் அடைத்துவிட்டு மறப்பதற்கும் இடையிலுள்ள வேறுபாடு இதிலிருந்து விளங்கும்.

ஆனால் நம் வழக்கத்தையும் சற்றே நோக்குவோம். தொடர்ந்து சில நாள்கள் விடுமுறை கிடைத்தால் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் புறப்படுகின்றோம். ஒரு கிண்ணம் பாலை வைத்துவிட்டு, பூனைதானே, எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று கதவைப் பூட்டுகின்றோம். அந்தப் பால் மாலைக்குள் புளித்துவிடும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதுமில்லை, வயிற்றுப்போக்கே மிஞ்சும். சில நாள் பட்டினி கிடந்தாலே, அதிலும் பருத்த பூனையெனில், கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்து நேரலாம். ஹதீஸில் கூறப்பட்ட பெண்ணிடமிருந்து நாம் எவ்வளவு தொலைவில் நிற்கின்றோம்? நாள்தோறும் வந்து உணவு வைக்க ஆள் கிடைக்கவில்லையெனில், பூனையை யாரிடமேனும் ஒப்படைத்துவிட்டே பயணம் புறப்பட வேண்டும்.

இனி, வீட்டிலேயே இருப்போருக்கு. பூனையை உள்ளே வைத்தாயிற்று. ஆனால் உள்ளே என்ன இருக்கின்றது? சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறைக்கு உறவினர் வருகின்றனர் என்று நான் தரையெங்கும் பினாயில் ஊற்றித் துடைத்தேன். ஈரத்தில் நடந்த எங்கள் பூனை தன் பாதங்களை நக்கிற்று. சிறிது நேரத்தில் வாயில் எச்சில் ஒழுக, நிற்க இயலாமல் தள்ளாடியது. கால்நடை மருத்துவரின் சிகிச்சையால் பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ். பினாயில் போன்றவற்றிலுள்ள நச்சுகளை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு என்பதை அன்றுதான் அறிந்தேன். அறியாமல் செய்தேன் என்பது உண்மை. ஆனால் அறிந்துகொள்ள நான் முயன்றதுமில்லை.

அதே காரணத்தால் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றேகூடப் பூனையைக் கொல்லப் போதும். வெடியோசையில் நடுங்கும் பூனைக்குக் காய்ச்சல் என்றெண்ணி அதனைப் புகட்டும் இரக்கமுள்ளோர் நம்மிடையே உண்டு. விருந்தினர் உண்ட பிரியாணியின் மிச்சத்தை அன்போடு வைப்பதும் இத்தகையதே. வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். மசாலா சேர்க்குமுன் எலும்பின்றி இரண்டு துண்டு இறைச்சியைத் தனியே வேகவைத்து எடுப்பதில் நமக்கென்ன சிரமம்?

உளூச் செய்ய வைத்த நீரைப் பூனை பருகுவதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார் அபூகதாதா (ரலி). பூனை அசுத்தமன்று, உங்களைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் அவரே அறிவித்தார். அந்நூர் அத்தியாயத்தின் 58-ஆம் வசனம் வீட்டு ஊழியரையும் பருவமடையாச் சிறாரையும் குறித்துக் கூறுகையில், இச்சொல்லின் வேரிலிருந்து வந்த சொல்லையே ஆள்கின்றது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் மாத்திரையைத் தரையில் விடுவோமா?

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் நேரம் வகுத்துள்ளனர். தெருவிலுள்ளோர் கடிகாரம் பார்ப்பதில்லை என்பது வேறு. எனினும் அந்த இரவு நேரம் பெரும்பாலும் இஷா ஜமாஅத்துக்கு ஆண்கள் புறப்படும் வேளை. கதவு திறக்கும் அந்த ஒரு நொடியில்தான் பூனை பாய்ந்தோடும். மஃரிபுக்கு முன்பே உள்ளறையில் பழைய துணி விரித்த அட்டைப்பெட்டி, மணல் தட்டு, உணவு, நீர் ஆகியவற்றை வைத்து, சன்னலை மூடி, மின்விசிறியை ஓடவிடுங்கள். கட்டிலுக்கடியில் பதுங்கினால் இழுக்காதீர்கள். வாசற்கதவைத் திறக்குமுன் அவ்வறைக் கதவு சாத்தியிருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பிள்ளைகளில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.