சுண்டைக்காய்க்குச் சுமைகூலி

கல்கரியில் இருக்கும் ஒருவர் சென்னையிலிருந்து 30 டாலர் மதிப்புள்ள புத்தகங்களைத் தபாலில் வரவழைக்கிறார். புத்தகத்துக்குச் சுங்கத் தீர்வை கிடையாது. 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. மட்டும்தான். அதாவது 1.50 டாலர். இந்த ஒன்றரை டாலரை வாங்கி அரசிடம் சேர்க்கக் கனடா போஸ்ட் எடுத்துக்கொள்ளும் கையாளுகைக் கட்டணமோ 9.95 டாலர்.

தபாலாவது பரவாயில்லை, தொகை முன்கூட்டியே தெரியும். தனியார் கூரியரில் வந்தால் தரகுக் கட்டணம், நமக்காக வரியை முன்பணமாகக் கட்டியதற்கு இன்னொரு கட்டணம், அந்தக் கட்டணங்களின் தலையிலும் விற்பனை வரி. பொருளை வாங்கியபோது கண்ணில் படாத இந்தத் தொகையெல்லாம் பார்சலோடு வாசலுக்கு வருகிறது. சிலருக்குப் பல நாள் கழித்து பில்லாக வருகிறது. கூரியரைத் தேர்ந்தெடுப்பவர் விற்பவர். பணம் கட்டுபவர் வாங்குபவர். இந்த ஏற்பாட்டில் கட்டணத்தைக் குறைக்க யாருக்கு அக்கறை இருக்கும்?

எல்லைக்கு நேரில் போய்ப் பொருளை எடுத்துவருபவரிடம் சுங்க அலுவலர் வரியை மட்டுமே வாங்குகிறார். தரகு என்ற பேச்சே இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் பிளெய்ன், பாயின்ட் ராபர்ட்ஸ் போன்ற சிற்றூர்களில் கனடியர்களின் பார்சல்களை வாங்கி வைத்துக் கொடுப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்ததில் இதற்கும் பங்குண்டு. ரொறன்ரோவிலோ எட்மன்டனிலோ இருப்பவர் அதற்காகப் பெற்றோல் செலவழிக்க முடியுமா?

விலக்கு வரம்புகளும் குழப்பமே. 2020 ஜூலை 1 முதல், அமெரிக்காவிலிருந்தோ மெக்சிகோவிலிருந்தோ கூரியரில் வரும் பொருளுக்கு 40 டாலர் வரை வரியில்லை. 150 டாலர் வரை தீர்வையில்லை. அதுவே தபாலில் வந்தால், அல்லது வேறு நாட்டிலிருந்து வந்தால், வரம்பு 20 டாலர். இந்தக் காலத்தில் 20 டாலருக்கு என்ன வாங்க முடியும் என்று ஒட்டாவா சொல்லட்டும்.

ஆனால் வரம்பை உயர்த்தினால் போதும் என்ற வாதத்தோடு நாம் உடன்படவில்லை. அமெரிக்காவே தனது 800 டாலர் விலக்கை 2025 ஆகஸ்டில் நீக்கிவிட்டது. காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. உள்ளூர்க் கடைக்காரரின் முறைப்பாட்டிலும் நியாயம் இருக்கிறது. ஸ்காபரோவில் வாடகை கொடுத்துத் துணிக்கடை நடத்துபவர் 13 விழுக்காடு எச்.எஸ்.டி. வசூலிக்கும்போது வெளிநாட்டு விற்பனையாளர் மட்டும் ஏன் தப்ப வேண்டும்?

வரி இருக்கட்டும், தரகு போகட்டும். அவுஸ்திரேலியா 2018 ஜூலை முதல் 1,000 அவுஸ்திரேலிய டாலர் வரையான பொருள்களுக்குத் தனது 10 விழுக்காடு வரியை வெளிநாட்டுப் பெரு விற்பனையாளர்களிடமே, விற்கும் இடத்திலேயே வசூலிக்கச் சொல்லிவிட்டது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியமும் பிரித்தானியாவும் சிறு பார்சல்களுக்கு இதே வழிக்கு வந்தன. கனடாவுக்கும் இது புதிதல்ல: வெளிநாட்டு நிறுவனங்கள் இணையவழிச் சேவைகளுக்கான ஜி.எஸ்.டி.யை 2021 ஜூலை முதல் பதிவுசெய்து கட்டிவருகின்றன. திரைப்படச் சந்தாவுக்குச் செய்ய முடிந்ததைச் சட்டைக்கும் செருப்புக்கும் செய்ய நிதியமைச்சு ஏன் தயங்குகிறது?

சட்டம் வரும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. இணைய முன்பதிவுக்கு 1.50 டாலர் கட்டணத்தை விலையில் காட்டாமல் பிறகு சேர்த்ததற்காக சினிபிளெக்ஸ் திரையரங்கு நிறுவனத்துக்குப் போட்டித் தீர்ப்பாயம் 2024இல் 3.89 கோடி டாலர் அபராதம் விதித்தது. கனடியருக்கு விற்கும் தளங்கள் தரகுத் தொகையையும் பணம் செலுத்தும் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று விதி செய்வது அதே நியாயத்தின் தொடர்ச்சிதான்.

எல்லைச் சேவைகள் முகமையின் அலுவலகத்துக்குப் போய்த் தாமே வரியைக் கட்டித் தரகைத் தவிர்க்கும் உரிமை வாங்குபவருக்கு இன்றும் உண்டு. அதைக் கூரியர்காரர் சொல்வதில்லை, அரசும் உரக்கச் சொல்வதில்லை. ஒவ்வொரு தரகு பில்லிலும், கட்ட வேண்டிய தொகைக்கு மேலே, அதே அளவு எழுத்தில் அந்த உரிமையை அச்சிட இந்த ஆண்டே உத்தரவிடலாம்.