நுண்ணோக்கியும் சட்டநூலும்

உயிரியலில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் காப்புரிமை வழக்கறிஞரானால், 'படித்த படிப்பை வீணாக்கிவிட்டாரே' என்று இரங்குவோர் நம்மிடையே உளர். அவ்விரக்கம் தேவையற்றது என்பேன். காப்புரிமை என்பது, ஒரு கண்டுபிடிப்பை உலகறிய எழுதித் தருவதற்கு ஈடாக 20 ஆண்டுகளுக்கு அரசு வழங்கும் தனியுரிமை. ஆய்வின் பயன் யாருக்குச் சேரும் என்பதை அந்த எழுத்தே பெரிதும் முடிவு செய்கிறது.

அமெரிக்காவின் மிரியட் நிறுவன வழக்கை நோக்குவோம். மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பை மிகுவிக்கும் இரு மரபணுக்களின் துல்லியமான இடத்தையும் வரிசையையும் கண்டறிந்த அந்நிறுவனம், உடலிலிருந்து பிரித்தெடுத்த அம்மரபணுக்களுக்கே காப்புரிமை பெற்றிருந்தது. பிற ஆய்வகங்கள் அச்சோதனையைச் செய்யத் தடை ஏற்பட்டது. கட்டணமோ மூவாயிரம் டாலரைக் கடந்தது. 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இயற்கையில் இருப்பதைக் கண்டறிதல் வேறு, இல்லாததைப் புனைதல் வேறு எனப் பிரித்தது. பிரித்தெடுத்த மரபணு இயற்கைப் பொருள். அதற்குக் காப்புரிமை இல்லை. இடையிடையே உள்ள பகுதிகள் நீங்க, ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ.விலிருந்து படியெடுத்த டி.என்.ஏ.வுக்கு உண்டு. எத்துணை நுண்ணிய கோடு! நீதிபதி அன்டோனின் ஸ்காலியா, மூலக்கூறு உயிரியலின் நுட்பங்களைத் தம் சொந்த அறிவைக்கொண்டு உறுதிசெய்ய இயலாது எனத் தனியே எழுதினார். நேர்மையான கூற்று. நீதிபதியே இவ்வாறு கூறுமிடத்தில், இரு துறையும் கற்றவரன்றி வேறு யார் விளக்குவது?

நம் நாட்டுச் சட்டமும் இதை உணர்ந்துள்ளது. காப்புரிமை முகவர் தேர்வை எழுத அறிவியல், பொறியியல், தொழில்நுட்பம் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் வேண்டும். சட்டப்பட்டம் மட்டும் போதாது.

இத்திறன் கூலி கொடுப்போர் பக்கமே சாயாதா எனக் கேட்கலாம். சாயும். எனவேதான் மறுபக்கத்திலும் ஆள் வேண்டும் என்கிறேன். மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டியர் அறிந்த மருத்துவந்தான். ஆயினும் பாட்டியின் சொல் அங்கே அன்று சான்றாகவில்லை. அச்சிட்ட ஏடு வேண்டியிருந்தது. இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் பழைய வடமொழி நூல்களையும், 1953-இல் இந்திய மருத்துவ இதழொன்றில் வெளிவந்த கட்டுரையையும் எடுத்துவைத்தது. 1997-இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது.