பேர் மங்கின இறுவட்டு

எங்கட ஊர் ஆச்சிமாரின் தாலாட்டையும் அருவிவெட்டுப் பாட்டையும் ஒலிப்பதிவு செய்து, இறுவட்டாக்கி, பாடின ஆக்களின் கையிலேயே குடுப்பது என்று முடிவெடுத்து வேலை செய்தோம். பதிவு நல்லா வந்தது. வெளியீட்டுக்கு முதல் நாள் இரவு, தெரிந்த அண்ணை ஒருவரிடம் இருந்த இங்க்ஜெட் பிரின்டரில் 60 இறுவட்டுகளுக்கு மேல் நேரடியாக அச்சடித்தோம். அடுத்த நாள் முதல் பிரதியை வாங்கின ஆச்சி கண்ணாடியைப் போட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டா: "பிள்ளையள், இதில என்ர பேர் எங்க கிடக்கு?"

அவவின் பேர் இருந்தது. ஆனால் மை ஊறி, சுழியெல்லாம் அடைபட்டு, ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. நடுவில் நாங்கள் போட்ட பனைமரப் படம் மட்டும் வடிவா இருந்தது.

வழக்கம்போல பிரின்டரைத்தான் முதலில் ஏசினோம். ஆனால் அதே பிரின்டர் போட்டோத் தாளில் கண்ணாடி மாதிரி அடிக்குது. பிறகு கெட்டுப்போன இறுவட்டுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான், பிழையில் பாதிக்கு மேல் எங்கட என்று விளங்கினது. அதை மறைக்காமல் சொல்லுறதுதான் இந்தக் கட்டுரை.

மங்கல் எல்லாம் ஒரே மங்கல் இல்லை. எழுத்தின் ஓரம் இறகு மாதிரிப் பிரிந்து பரவியிருந்தால் மை கூட, அல்லது மேற்பரப்பு சரியில்லை. எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு கோடு விழுந்தால் அச்சுத்தலையின் ஒழுங்கு பிசகி இருக்கு. ஓரம் படிக்கட்டு மாதிரி இருந்தால் படக் கோப்பே சின்னன். ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் காயமுதல் ஆரோ தொட்டிருக்கினம். இதைப் பார்க்காமல் பத்துத் தரம் தலையைக் கழுவவிட்டால் மைதான் வீண்.

முதலில் மேற்பரப்பு. இங்க்ஜெட்டில் அச்சடிக்கவென்று வாற இறுவட்டின் மேல் மையை உறிஞ்சுகிற வெள்ளைப் பூச்சு ஒன்று இருக்கும். அந்தப் பூச்சு இல்லாத சாதாரண இறுவட்டில் மை பிடிக்காது, வழியும். பூச்சு இருக்கிறதிலும் எல்லாம் ஒரே தரம் இல்லை. மலிவானது சில நேரம் மையை அப்பளம் எண்ணெய் குடிக்கிற மாதிரிக் குடித்து அகலமாக்கிவிடும். பூச்சில் விரல் எண்ணெய் பட்டால் அந்த இடத்திலும் மை பிடிக்காது. ஓரத்தில் பிடித்துத்தான் தூக்கவேணும். பாட்டை முதலில் எழுதிப்போட்டு அதற்குப் பிறகுதான் அச்சடிக்கவேணும். ஈர மையும் தூசியும் ஒட்டின இறுவட்டைக் கொம்பியூட்டருக்குள் விட்டால் பதிவிலும் பிழை வரலாம்.

இரண்டாவது அமைப்பு. பிரின்டரில் தாளின் வகையைத் தெரிகிற இடத்தில் இறுவட்டு என்றே தெரியவேணும். அதற்குப் பிறகும் எழுத்து பரவினால் மை அடர்த்தியை ஒரு படி குறைத்துப் பாருங்கோ. வேகமாக அடிக்கிற முறையில் அச்சுத்தலை போகிற வழியிலும் வருகிற வழியிலும் மையைத் தெளிக்கும். இரண்டும் ஒரு மயிரிழை விலகினாலே எழுத்து இரட்டையாகும். அதை நிறுத்தி ஒரு வழியில் மட்டும் அடிக்கவிட்டால் நேரம் கூடப் போகும், ஆனால் எழுத்து கூர்மையாகும். சில பிரின்டர்களில் தாளுக்குப் பாவிக்கிற கறுப்பு மை இறுவட்டுக்குப் போவதில்லை. மற்ற நிறங்களைக் கலந்துதான் கறுப்பு வருகுது. அங்கே ஒழுங்கு பிசகினால் எழுத்தின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும்.

மூன்றாவது கோப்பு. இறுவட்டின் விட்டம் 120 மில்லிமீற்றர். அங்குலத்துக்கு 300 புள்ளி வேணுமென்றால் படம் 1,417 புள்ளி அகலமாவது இருக்கவேணும். நாங்கள் செய்ததோ, வடிவமைத்த தங்கச்சி வாட்ஸ்அப்பில் அனுப்பின படத்தை அப்படியே இழுத்துப் பெருப்பித்தது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பனைமரம் அதைத் தாங்கும், எழுத்து தாங்காது. எழுத்தைப் படத்தோடு சேர்த்து உறையவிடாமல், லேபல் மென்பொருளிலேயே எழுத்தாகத் தட்டியிருக்கவேணும்.

இவ்வளவும் எந்த மொழிக்கும் பொருந்தும். எங்கட பிரச்சினை அதற்கு மேலே ஒன்று. ஆங்கில எழுத்து கொஞ்சம் ஊறினாலும் ஊகித்து வாசிக்கலாம். தமிழில் 'ெ'க்கும் 'ே'க்கும், 'ி'க்கும் 'ீ'க்கும் இடையில் நிற்பது ஒரு சின்னச் சுழி. 'ன'வுக்கும் 'ண'வுக்கும் இடையிலும் அப்படித்தான். மெய்யெழுத்துக்கு ஒரு புள்ளி. மை ஊறினால் முதலில் அடைபடுவது சுழி, முதலில் காணாமற்போவது புள்ளி. மண்ணிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் மோசம். சுற்றியிருக்கிற மை முழுக்க எழுத்துக்குள்ளேதான் வந்து விழும். நாங்கள் செய்தது அதுதான், அதுவும் மெல்லிய எழுத்துருவில், எழுத்தளவு 6 இல்.

ஏன் 6? நடுத்துளையும் விளிம்பும் போக, அச்சடிக்கிற வளையத்தின் அகலம் 5 சென்ரிமீற்றரும் இல்லை. அதில் படத்துக்கு முதலிடம், தலைப்புக்கு இரண்டாமிடம், எங்கட அமைப்பின் பேருக்கு மூன்றாமிடம். பாடின ஆக்களின் பேர் கடைசியாக, மிச்சமிருந்த ஓரத்தில். இது பிரின்டரின் முடிவில்லை, எங்கட முடிவு.

"இப்ப ஆர் இறுவட்டுப் பார்க்கினம், யூடியூப்பில போட்டிருக்கலாமே" என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். போடத்தான் போறம். ஆனால் அந்த ஆச்சியின் வீட்டில் இருக்கிறது ஒரு பழைய டிவிடி பிளேயர். அவவின் பேரப்பிள்ளையள் வரேக்கை எடுத்துக் காட்டக்கூடிய பொருள் அந்த வட்டம் மட்டும்தான். அதில் பேர் வாசிக்க ஏலாவிட்டால், பாட்டு ஊருடையதும் பெருமை எங்களுடையதும் என்று ஆகிவிடும்.

ஆகவே திரும்ப அடித்தோம். பேர்களை வெள்ளை இடத்தில், கறுப்பில், தடிப்பான எழுத்துருவில், எழுத்தளவு 9 இல் முதலில் வைத்தோம். மிச்ச இடத்துக்குள் பனைமரம் சின்னதாகப் போனது. ஒரு வழி அச்சு, குறைந்த மை, மாரி காலத்து ஈரக்காற்றை நினைத்து ஒரு முழுநாள் விசிறிக்குக் கீழே காயவிட்டோம், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல். பரிசோதனைக்குப் புது இறுவட்டு தேவையில்லை, பதிவு பிழைத்துப்போன பூச்சு இறுவட்டுகளே போதும்.

வெளியீடு செய்கிற பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கும் மற்ற அமைப்புகளுக்கும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். முதல் ஒன்றை மட்டும் அடியுங்கோ. அது காய்ந்த பிறகு வீட்டில் வயது கூடின ஆளிடம் குடுத்து, கண்ணாடியோடு வாசிக்கச் சொல்லுங்கோ. அவர் தடக்காமல் வாசித்தால் மிச்சத்தை அடிக்கலாம்.