தவளைக்கும் நல்ல தண்ணீர் வேண்டும்

வேலூர் வெயில் ஊரறிந்தது. பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல்தான். அந்தச் சீமையில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும். அன்று இரவே குட்டையோரங்களில் தவளைச் சத்தம் காதைத் துளைக்கும். இத்தனை நாள் இவை எங்கே இருந்தன? மழையோடு வானத்திலிருந்து விழுந்தவை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு!

அவை காலடியிலேயே இருந்தன. மண்ணைத் தோண்டும் தவளைக்குப் பின்னங்காலில் மண்வெட்டி போல ஒரு கெட்டியான மேடு இருக்கிறது. அதனால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பின்பக்கமாகவே பூமிக்குள் இறங்கிவிடும். ஈரம் உள்ள இடத்தில் உட்கார்ந்து கோடையைக் கழிக்கும். பந்து போல் உப்பிய இன்னொரு ஜாதித் தவளையும் இப்படித்தான். அதற்குக் கறையான் என்றால் விருந்து. தேரை அவ்வளவு பாடுபடுவதில்லை. கல்லிடுக்கோ தண்ணீர்ப் பானையின் அடியோ அதற்குப் போதும்.

மழை வந்ததும் ஒரே அவசரம். குட்டை வற்றுவதற்குள் முட்டை பொரியவேண்டும். தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து, வால் சுருங்கி, அது கரை ஏறவேண்டும். சில வாரங்களே அவகாசம்.

வறட்சியை ஜெயிக்கும் இந்தப் பிராணி கெட்ட தண்ணீரிடம் தோற்றுப்போகிறது. தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. தோலால் மூச்சும் விடுகிறது. உப்பு மிகுந்த தண்ணீரில் முட்டையும் தலைப்பிரட்டையும் பிழைப்பது அரிது.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை ஆகிய தோல் ஊர்களில் உப்புக்குப் பஞ்சமில்லை. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவுகிறார்கள். தோலைக் கழுவும்போது அது தண்ணீரோடு போகிறது. அதோடு குரோமியமும் சேருகிறது. இந்தக் கழிவு நீர் பல ஆண்டுகள் ஆற்றிலும் நிலத்திலும் பாய்ந்தது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதாக, 1996 ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பே சொல்கிறது. கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்றும் அது கூறியது. 2025 ஜனவரி 30-ந் தேதி அதே கோர்ட்டு மீண்டும் தலையிட நேர்ந்தது. 28 ஆண்டுகளுக்கு மேல் ஓடியும் விவகாரம் தீரவில்லை!

தோல் தொழில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. அதை மூடச் சொல்வது நியாயம் ஆகாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் வந்துவிட்டன. ஆனால் சாதாரணச் சுத்திகரிப்பில் உப்பு போவதில்லை. உப்பைப் பிரித்தெடுக்கும் செலவைத் தட்டிக்கழிக்க யாருக்கும் இடம் கொடுக்கக்கூடாது.

தவளை போனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அயல்நாட்டார் விருந்துக்குத் தவளைக்கால் அனுப்புவதை 1987-ல் இந்திய அரசு தடை செய்தது. தவளை குறைந்தால் வயலில் பூச்சி பெருகும் என்ற பயமே அதற்கு ஒரு காரணம்.

மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை ஊர்க் குட்டைத் தண்ணீரைச் சோதிக்கவேண்டும். அதில் உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்று ஊராட்சி அலுவலக வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கவேண்டும். அந்தத் தண்ணீர்தான் பக்கத்துக் கிணற்றுக்கும் இறங்குகிறது.