செவிலியர்கள் விலகவில்லை, விரட்டப்படுகிறார்கள்

பெங்களூருவின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டியது அத்திபெலே. இந்த எல்லைப்புறத் தொழிற்பகுதியிலும் தனியார் மருத்துவமனைகள் பெருகிவிட்டன. புதிய செவிலியர் நிலைப்பதில்லை என்பது தனியார் மருத்துவத்துறை முதலாளிகளின் ஓயாத புலம்பல். இளைய தலைமுறைக்குப் பொறுமை இல்லை, வெளிநாட்டு மோகம் என்று அவர்கள் காரணமும் கற்பிக்கின்றனர்.

உண்மை வேறு. கடன் வாங்கிப் படித்த பெண்ணுக்குக் கிடைக்கும் முதல் சம்பளம் விடுதி வாடகைக்கும் வங்கித் தவணைக்கும் போதுவதில்லை. பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் அளவுகோல். நடைமுறையிலோ, அனுபவமற்றவரிடம் இரவில் ஒரு வார்டே ஒப்படைக்கப்படுகிறது. தவறு நேர்ந்தால் பழி அவர் தலையில். விலக முயன்றால், மூலச் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் அலமாரியில் சிறைப்பட்டிருக்கின்றன. நல்ல வேலைக்குப் பூட்டு எதற்கு?

தீர்வு புதிதல்ல. 2016 ஜனவரியில் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணைப்படி அமைக்கப்பட்ட குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வழங்க வேண்டும் என்றது. 50 படுக்கைகளுக்குக் குறைவான இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. பரிந்துரை பெரும்பாலும் ஏட்டிலேயே உறங்குகிறது.

அதை எழுப்பியது போராட்டமே. கேரளத்தில் செவிலியர்கள் தொடர்ந்து களம் கண்ட பிறகே, 2018 ஏப்ரலில் இடது ஜனநாயக முன்னணி அரசு 20,000 ரூபாய் அடிப்படை ஊதியத்தை அறிவிக்கை செய்தது. தமிழகத்தில் அரசே தவறான முன்மாதிரி. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்றவர்களை 2015இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்ட பிறகே ஊதியம் 14,000 ஆனது.

ஆகவே, மனநல வகுப்புகளும் பாராட்டுப் பத்திரங்களும் செவிலியரைத் தக்கவைக்காது. சட்டபூர்வ ஊதியம், நோயாளி-செவிலியர் விகிதம், முதல் மாதங்களில் மூத்தவரின் துணையோடு பயிற்சி, சான்றிதழ்ப் பறிப்புக்குத் தண்டனை, பாதுகாப்பான இரவுப் போக்குவரத்து ஆகிய ஐந்தும் வேண்டும்.

சுரண்டல் மாநில எல்லை பார்ப்பதில்லை. ஓசூரிலும் அத்திபெலேயிலும் தமிழ், கன்னடம், மலையாளம் பேசும் செவிலியர்களை ஒரே சங்கத்தில் திரட்டுவது தோழர்களின் உடனடிக் கடமை. தனித்தனியே விலகினால் இழப்பு செவிலியருக்கு. ஒன்றுபட்டு நின்றால் அச்சம் நிர்வாகத்துக்கு.